ஊறின தோலுக்கு ஒன்றும் ஆகாது

பெருமாள் நாலு முறை வண்டியில் விழுந்தவன். நாலு முறையும் குடித்திருந்தான். முதல் மூன்று முறை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாவது முறையும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். இரண்டு மணி நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் முக்கியமாக நான்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். தோல் ஏற்றிப் போவது, உப்பு ஏற்றி வருவது. பெருமாள் அதே கம்பெனியில் ஊறல் பகுதியில் வேலை செய்தான். உப்பில் காய்ந்து வரும் ஆட்டுத்தோல் பலகை மாதிரி விறைத்திருக்கும். மடித்தால் வெடிக்கும். அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, மிதித்து, புரட்டி, மறுநாள் எடுத்தால் வேட்டி மாதிரி மடங்கும். இருபத்திரண்டு வருடம் அவன் இதைச் செய்தான். கையை விட்டுப் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று சொல்வான். சொன்னது தப்பாது.

உப்பு கையை அறுக்கும். ஊறல் ஆட்களின் உள்ளங்கை எல்லாம் வெடித்து ரணமாக இருக்கும். பெருமாள் கை மட்டும் அப்படி இருக்காது. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவுவான். அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். "எனக்குக் கூட இப்டி கை கெடையாதுண்ணா. பொண்ணு பாக்க வர்றவனுக்கு இவர் கையத்தான் காட்டணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நல்ல ஆள். வேலை நேரத்தில் குடிக்க மாட்டான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவன் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பான். வேலை முடிந்தால் குடிப்பான். குடித்தால் வண்டி எடுப்பான். அவ்வளவுதான் அவனிடம் குற்றம். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

முதல் விழுகை கல்யாணமான புதிதில். டிவிஎஸ் பிப்டியில் பாலாற்றுக் கரையில் வந்தவன் வளைவில் திருப்பாமல் நேராக ஆற்றுக்குள் போய்விட்டான். ஆற்றில் தண்ணீர் ஏது? எழுந்து காதில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கண்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒண்ணும் ஆகல, போ" என்றானாம். அந்த வார்த்தையை அவன் அன்று பிடித்தான்.

இரண்டாவது நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. அன்று அவன் ஓட்டவில்லை. ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். ஆட்டோ கவிழ்ந்தது. ஒரு வாத்தியாருக்குத் தோள்பட்டை எலும்பு போனது. டிரைவருக்கு முன்பல் இரண்டு போனது. பெருமாள் எல்லோருக்கும் மேலே கிடந்தான். கண்ணைத் திறந்து, "ஊரு வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறான். மூன்று மாதம் ஒவைஸ் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாவது, சொந்த பைக்கில், கம்பெனி வாசலில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். பைக்கின் முன்பக்கம் அப்பளம் ஆனது. அவன் தூக்கி எறியப்பட்டு, தோல் சீவல் அடைத்து அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் மேல் விழுந்தான். எழுந்து டீக்கடைக்கு வந்துவிட்டான். அன்றுதான் அந்தப் பாடத்தை எங்களுக்கு எடுத்தான்.

"இன்னா சீனுண்ணா, நீ இத்தன வருசமா தோலு ஏத்தி எறக்கற. காஞ்ச தோல மடிச்சா இன்னா ஆவும்?"

"வெடிக்கும்" என்றேன்.

"ஊறின தோலு?"

"மடங்கும்."

"அவ்ளோதான் விசயம். குடிக்காதவன் விழும்போது பயந்துகினு வெறப்பா விழறான். காஞ்ச தோலு. படக்குனு எலும்பு போய்டுது. நான் ஊறிகினு விழறேன். மடங்கி எந்திரிச்சுடறேன். அந்த வாத்தியாரக் கேளு, ஒரு சொட்டு குடிச்சிருந்தா தோளு போயிருக்குமா?"

கடை முழுக்கச் சிரித்தது. மூன்று முறை விழுந்து எழுந்தவன் சொல்கிறான், விழாதவன் என்ன பேச முடியும்? நாங்கள் எல்லோரும் தோலில் கிடப்பவர்கள். வேறு ஊரில் போய் இதைச் சொல்லியிருந்தால் போடா பைத்தியம் என்றிருப்பார்கள். எங்களுக்கு அது கணக்காகப் பட்டது.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நிசார் அஹமது பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் எங்கள் மேஸ்திரி. "ஒரு நாள் ஊறினாத்தான்பா தோலு. நாலு நாள் கெடந்தா மயிரு தானா கழண்டுகினு வரும், தூக்கினா கிழியும். அத எந்தக் கணக்குல வெப்ப?" என்று கேட்டார்.

"பாய், நான் டெய்லி ஒரு வேளதான் ஊறுறேன்."

மறுபடியும் சிரிப்பு. பாய் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவனுக்குப் பட்டப்பெயரே ஊறின தோலு. ஊரில் எவனாவது குடித்துவிட்டு வண்டி எடுக்கும்போது, பார்த்துப் போ என்று யாராவது சொன்னால், "ஊறின தோலுண்ணா, ஒண்ணும் ஆவாது" என்று பதில் வரும். நான்கூட ஒன்றிரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

சிரிக்காத இன்னொரு ஆள் கண்ணம்மாள். அவளுக்குத் தோல் கணக்கு தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஆள் முழுசாக வீடு வந்து சேர வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை. மூன்றாவது விபத்துக்குப் பிறகு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாள். அவன் அதைத் தலையில் மாட்டியதை நான் பார்த்ததில்லை. போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும் டேங்க் மேலிருந்து எடுத்துக் கவிழ்த்துக்கொள்வான். மற்ற நேரத்தில் அதில் வெங்காயம் வரும், முட்டை வரும். முட்டைக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது என்பான்.

ஹெல்மெட் பலிக்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணம்மாள் மோசஸிடம் போனாள். மோசஸ் எங்கள் கம்பெனியில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிறவன். சர்ச்சில் பாடுவான். பீடி, சாராயம் எதுவும் கிடையாது. அவன் வீடும் எங்கள் பக்கம்தான். "மோசஸு, அவர குடிக்காதன்னு சொல்ல உன்னால முடியாது, என்னாலயே முடியல. குடிச்சுட்டு வண்டி எடுத்தா மட்டும் தனியா விடாதப்பா. நீ கூட இருந்தா கொஞ்சம் மெதுவா போவாரு" என்று கேட்டாள். அவன் சரிக்கா என்றான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் அவன். அவனுக்கு அதனால்தான் கேடு வந்தது.

போன வருடம் பக்ரீத் முடிந்து நாலாம் நாள்.

பக்ரீத் என்றால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரே நாளில் தோல் மலை மாதிரி வந்து விழும். வெயிலில் கெட்டுப்போவதற்குள் உப்புப் போட்டு அடுக்க வேண்டும். மூன்று நாள் விடாமல் வேலை. நாலாம் நாள் பகலில் முடிந்தது. நிசார் பாய் எல்லோருக்கும் பங்குக் கறி கவரில் போட்டுக் கொடுத்தார். "வூட்டுக்குப் போய்த் தூங்குங்கபா. நாளைக்கு யாரும் வராதீங்க" என்றார்.

பெருமாள் வீட்டுக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது அங்கே நின்றான். மூன்று நாள் தூங்காத உடம்பு. காலையில் இருந்து டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. மோசஸ் எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரத்தடியில் இரண்டு மணி வரை காத்திருந்தான். நான் வண்டியில் இருந்த காலிச் சாக்குகளைக் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். நான் பார்த்தபோது இரண்டு பேருக்கும் பைக் சாவியில் சண்டை.

"ண்ணா, நான் ஓட்றேன். நீ பின்னாடி ஒக்காரு" என்றான் மோசஸ்.

"என் வண்டிய நீ ஓட்றதா? ஏன், எனக்குக் கை இல்லியா?"

"கண்ணு நிக்கல ண்ணா உனக்கு."

"டேய், நீ காஞ்ச தோலு. காஞ்ச தோலு ஓட்டினா ரெண்டு பேருக்கும் டேஞ்சரு. பின்னாடி ஏறு."

மோசஸ் என்னைப் பார்த்தான். வண்டியை என் குட்டியானையில் ஏற்றிவிடலாமா என்று அவன் கேட்டான். பின்னால் இடம் இருந்தது. பைக்கைத் தூக்கி வைக்க மூன்று ஆள் போதும், நாங்கள் மூன்று பேர் இருந்தோம். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது. "எட்டு கிலோமீட்டருக்கு இன்னாத்துக்குடா தூக்கி எறக்கினு. மெதுவா போங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன்.

கறிக் கவர் இரண்டையும் ஹெல்மெட்டுக்குள் போட்டு மோசஸ் மடியில் கொடுத்தான் பெருமாள். கிளம்பினார்கள்.

சர்வீஸ் ரோட்டில் இரண்டே கால் மணி இருக்கும். வெயிலில் ரோடு வெள்ளையாகத் தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, ஆள் இறக்க ஓரம் கட்டியது. ஆட்டோக்காரன் கையும் காட்டினான், லைட்டும் போட்டான். எனக்கே பின்னாலிருந்து தெரிந்தது. மோசஸ் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தியது என் காதில் விழுந்தது. பெருமாள் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்தான். ஆட்டோவைத் தொடுவதற்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பிடித்தான்.

பைக் ஆட்டோவின் மூலையில் இடித்துச் சுழன்றது. மோசஸ் காலை ஊன்றி, கையை ஊன்றி, உருண்டான். பெருமாள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து பைபாஸுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவில் இருந்த சிமெண்டுக் கட்டை மேல் போனான். ஹெல்மெட் ரோட்டில் உருண்டு என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே கறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் இறங்கி ஓடினேன். மோசஸின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம். "ஏசப்பா, ஏசப்பா" என்று அலறினான். பெருமாள் எழுந்து உட்கார்ந்திருந்தான். இடது காதுக்கு மேல் தலைமுடியில் கொஞ்சம் மண். ரத்தம் இல்லை. சட்டை கிழியவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாத்தியா சீனுண்ணா? ஒரு கீறல் இல்ல. ஒண்ணும் ஆகல" என்றான். கீழே கிடந்த மோசஸைப் பார்த்து, "சொன்னேனேடா, காஞ்ச தோலுன்னு" என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மோசஸ் மேல் அவனுக்கு உயிர்.

ஆட்டோக்காரனும் நானும் மோசஸைத் தூக்கிச் சாக்கு மேல் படுக்க வைத்தோம். பெருமாள் தானாக ஏறிக்கொண்டான். பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மோசஸின் அக்கா தேவகிருபை அங்கே நர்ஸ். அங்கேதான் போகச் சொன்னான் மோசஸ்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் பெருமாள் என் கையைப் பிடித்தான். "என்ன உள்ள இட்டுனு போவாத. வாய மோந்து பாப்பாங்க. போலீசுக்கு எழுதுவாங்க. லைசென்சு போய்டும். எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே. இங்கயே கொஞ்சம் படுக்கறேன்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. வண்டியை ஒரு வேப்பமர நிழலில் தள்ளி நிறுத்தி, அவனைச் சாக்கு மேல் விட்டுவிட்டு, மோசஸோடு உள்ளே போனேன்.

தேவகிருபை தம்பியின் காலைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் வேலையைப் பார்த்தாள். ஊசி போட்டாள், கட்டை வைத்துக் கட்டினாள், டாக்டரைக் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்து என்னிடம் வந்தாள்.

"வண்டி ஓட்டினது யாரு?"

"பெருமாள்."

"அவரு எங்க?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகலம்மா. வூட்டுக்குப் போய்ட்டான்."

"தலையில அடி கிடி?"

"ஒண்ணும் இல்ல. தானா எந்திரிச்சு நடந்து போறான்."

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. நாய் குறுக்க வந்துடுச்சு."

கடைசி மூன்று கேள்விக்கும் மூன்று பொய். அவள் தலையாட்டிவிட்டுத் தம்பியிடம் போனாள். என் வாயால்தான் அந்தக் கதவு மூடியது. அதை வேறு யார் மேலும் போட எனக்கு உரிமை இல்லை.

நான் வெளியே வந்து பார்த்தபோது பெருமாள் உட்கார்ந்திருந்தான். "தல கிண்ணுனு கீதுண்ணா" என்றான். சரக்கு அப்படித்தான் என்றேன். தண்ணீர் கேட்டான். குடித்தான். குடித்த தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்தான். குடித்தவன் வாந்தி எடுப்பான், அதில் என்ன புதுசு என்று துடைத்துவிட்டேன். மறுபடி எடுத்தான். அப்புறம் சாய்ந்தான். குறட்டை வந்தது. பெரிய குறட்டை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் தூக்கம், தூங்கட்டும். கண்ணம்மாளுக்குப் போன் செய்து, மோசஸுக்குக் கால் போய்விட்டது, உன் வீட்டுக்காரனுக்கு ஒன்றும் இல்லை, வா என்றேன்.

அவள் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்து சேர மணி நாலு ஆகிவிட்டது. கழுத்தில் இருந்த கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக வண்டியிடம் போனாள். உள்ளே பார்த்தாள். "இந்தா, எந்திரி" என்று தோளைத் தட்டினாள். அசைவில்லை. கையில் கிள்ளினாள். பிறகு காலில் கிள்ளினாள். என் பக்கம் திரும்பினாள்.

"ண்ணா, திட்ட மாட்டேன்றாரு."

"இன்னாம்மா?"

"குடிச்சுட்டுத் தூங்கும்போது தொட்டா திட்டுவாரு. என்ன, எங்கம்மாவ, என் வம்சத்தயே திட்டுவாரு. பத்தொம்போது வருசமா எழுப்பறேன். ஒரு நாள் திட்டாம இருந்ததில்ல. இது அந்தத் தூக்கம் இல்லண்ணா."

"மூணு நாளு தூங்காதவன்மா."

"தூங்காத நாளும் எழுப்பியிருக்கேன். அந்தக் கொறட்டயும் இது இல்ல."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாய மூடுமா. உள்ள போய்க் கத்தி ஊரக் கூட்டாத. போலீசு வந்தா அவன் லைசென்சு காலி. அவன் ஊறின தோலு. சாயந்தரம் எந்திரிச்சு டீ கேப்பான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். தேவகிருபையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

தேவகிருபை வண்டிக்குள் ஏறினாள். பெருமாள் இருப்பதைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவன் வாயை மோந்தாள். பிறகு அவன் கைகளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இவரும் அதே வண்டியிலதானே விழுந்தாரு?"

"ஆமாம்மா."

"மோசஸ் கை ரெண்டும் உரிஞ்சு கெடக்கு. இவர் கையில ஒரு கீறல் இல்ல. முட்டியிலயும் இல்ல. அப்போ எத ஊணி விழுந்தாரு?"

நாங்கள் அதிர்ஷ்டம் என்று பார்த்த கை அது. அவள் அதையே வேறு மாதிரி படித்தாள். கையை ஊன்றாதவன் தலையைத்தான் ஊன்றியிருக்கிறான்.

காதுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினாள். அங்கே மெத்தென்று வீங்கியிருந்தது. முடிக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை. போன் லைட்டைப் போட்டு இமையைத் தூக்கினாள். ஒரு கண்மணி மிளகு மாதிரி இருந்தது. இன்னொன்று கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றது.

"எத்தன மணிக்கு விழுந்தாரு?"

"ரெண்டே கால்."

கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "டாக்டர் சார்" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நூற்றெட்டு வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் கண்ணம்மாள் அவன் காதில் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் சாமி பேர் என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டேன். அவனைத் திட்டிக்கொண்டு வந்தாள். பதிலுக்கு அவன் திட்டுவானா என்று பார்த்தாள்.

மண்டையைத் திறந்தார்கள். உள்ளே ரத்தம் கட்டி மூளையை ஒரு பக்கமாக அழுத்தியிருந்தது. மறுநாள் ஒரு டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இந்த அளவு போயிருக்காது என்றார். குடித்தால் கை ஊன்றும் நேரம் தப்பிப்போகும், தினம் குடிக்கிறவனுக்கு உள்ளே கசிகிற ரத்தம் சீக்கிரம் நிற்காது, எல்லாவற்றுக்கும் மேல் கூட இருக்கிறவன் போதை என்று நினைத்து விட்டுவிடுவான் என்றார். வாந்தி, தூக்கம், குறட்டை. போதைக்கும் அதுதான், மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் அதுதான்.

எனக்கு மனது கேட்கவில்லை. "குடிச்சவன் ஒடம்பு தொளதொளன்னு கெடக்கும், விழுந்தா அடி படாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்களே டாக்டரம்மா" என்றேன்.

"யாரு சொல்றாங்க?"

"விழுந்து எழுந்தவங்க."

"எழுந்தவங்க சொல்றத மட்டும்தான் நீங்க கேட்டிருக்கீங்க" என்றார். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்து யோசித்தேன். முதல் முறை அவன் விழுந்தது மணலில். இரண்டாம் முறை வாத்தியார் மேல். மூன்றாம் முறை சீவல் மூட்டை மேல். மூன்று முறையும் அவனைக் காப்பாற்றியது அடியில் கிடந்தது. நாலாம் முறை அடியில் சிமெண்டு. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு வேண்டாம். தோல் ஏற்றி இறக்குகிறவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். குடித்து விழுந்து செத்தவர்கள் எங்கள் பக்கத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் யாரும் ஒவைஸ் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே கதை சொல்லவில்லை. அதனால் நாங்கள் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெட்டி எடுத்த மண்டை எலும்பை மறுபடி வைக்கும் வரை கெடாமல் இருக்க அவன் வயிற்றிலேயே தோலுக்கடியில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். அந்த மூன்று மாதமும் அவன் இடது கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே இருப்பான். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. தையல் தழும்புதான் இருக்கிறது.

வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசு வரை போவான். பேச்சு போய்விட்டது. முழுசாகப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. பசிக்கிறதா என்று கேட்டால் "ஒண்ணும் ஆகல" என்பான். ஒண்ணுக்கு வருகிறதா என்றாலும் அதுதான். கோபம் வந்தால் அதையே கத்துவான். மோசஸ் கட்டையை ஊன்றிக்கொண்டு முதல்முறை அவனைப் பார்க்க வந்தபோது, மோசஸின் காலைத் தடவிக்கொடுத்து, "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று தேம்பி அழுதான். மோசஸ் இப்போது டிரம் வேலைக்குத் திரும்பிவிட்டான். கொஞ்சம் நொண்டுகிறான். காஞ்ச தோல் வெடித்தது, தைத்தார்கள், வேலை செய்கிறது.

கடையில் இன்னும் சிலர் சொல்கிறார்கள், பார், மண்டையே உடைந்தும் சாகவில்லை, ஊறின தோல் ஊறின தோல்தான் என்று. முதல்முறை கேட்டபோது கண்ணாடி டம்ளரை எறிந்துவிட்டேன். ஒவைஸ் என்னை இரண்டு வாரம் கடைப்பக்கம் வராதே என்றான். இப்போது எறிவதில்லை. அவர்களைப் பெருமாள் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். யாரும் வருவதில்லை.

இந்த வருடம் பக்ரீத் முடிந்த பிறகு நிசார் பாய் அவன் பங்குக் கறியை என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் போனபோது கண்ணம்மாள் வேலைக்குக் கிளம்பும் முன் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். செயலற்ற கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக. பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம்.

ஒரு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னேன். பைக்கை என் வண்டியில் ஏற்ற மோசஸ் கேட்டதையும், நான் சோம்பலில் வேண்டாம் என்றதையும், உள்ளே அவன் அக்கா கேட்டபோது நான் சொன்ன மூன்று பொய்யையும்.

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ண்ணா. கிருபக்கா அன்னிக்கே ஆம்புலன்ஸ் ஏத்தும்போது சொல்லிட்டாங்க. வண்டி விசயம் மோசஸ் சொன்னான்" என்றாள்.

"ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு?"

அவள் அடுத்த விரலை எடுத்தாள். அந்த நகத்தையும் வெட்டிவிட்டு அவளாகப் பேசினாள்.

"நான் காலையில போய்ட்டு ஆறு மணிக்குத்தான் வர்றேன். பகல்ல பாக்க ஆள் இல்ல. நீ லோடு இல்லாத நேரத்துல வந்து இவர கொஞ்சம் நடக்க வெச்சுட்டுப் போ. அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"வர்றேன்" என்றேன்.

"சொல்லிட்டு வராம இருக்காத."

"வர்றேன்மா."

அவள் எண்ணெயைத் தொட்டு அவன் உள்ளங்கையில் தடவிவிட்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். நான் பெருமாளின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அவன் வலது கை என் தோள் மேல் கிடந்தது. கனமாக, வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"நடடா" என்றேன்.

"ஒண்ணும் ஆகல" என்றான். இடது காலை எடுத்து வைத்தான். வலது காலுக்காக நான் காத்திருந்தேன்.